பழைய ஒபிஸை விண்டோஸ் 11இல் ஓட வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்துவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்போது யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் புது கொம்பியூட்டர் வாங்கினாலும் பெரும்பாலும் விண்டோஸ் 11தான் வருகிறது. மெசினை மாற்றுவது லேசு. அதில் ஓடிய பழைய ஒபிஸை மாற்றுவதுதான் கரைச்சல். கோயில் உபயகாரர் பட்டியல் எக்செல் 2003இல் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தவர் விபரம் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த அக்செஸ் (தரவுத்தள) பைலில் இருக்கும். எழுதியவர் இப்போது கனடாவில் இருப்பார். ரைப்செற்றிங் செய்கிற இடங்களில் அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகங்கள்) பாமினி எழுத்துருவில் வேர்ட் பைலாகவும், பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் பைலாகவும் குவிந்து கிடக்கும்.

கேட்டால் "பழசு இதில ஓடாது, புதுசு வாங்குங்கோ" என்பார்கள். அது பாதி உண்மைதான். ஒபிஸ் 2003, 2007, 2010 மூன்றும் விண்டோஸ் 11இல் ஓடும். ஏதாவது பிழைத்தால் மைக்ரோசொப்ட் பொறுப்பெடுக்காது, அவ்வளவுதான். 2003க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், 2007க்கு 2017 ஒக்டோபரிலும், 2010க்கு 2020 ஒக்டோபரிலும் நின்றுவிட்டது. நிறுவுகிற வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு வருகிற சில்லறைப் பிரச்சினைகள்தான் ஆளைக் களைக்கச் செய்வன. ஆகவே அவற்றுக்குத்தான் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்குமுன்: உங்களுக்கு வேண்டியது மென்பொருளா, பைலா?

பலர் இதை யோசிக்காமலே பழைய சீடியைத் தேடி அலைகிறார்கள். பழைய வேர்ட், எக்செல் பைல்களைத் திறந்து பார்த்து அச்செடுத்தால் போதும் என்றால் பழைய ஒபிஸ் தேவையே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் அவற்றைத் திறக்கும். லோட்டஸ் 1-2-3, வேர்ட்பெர்பெக்ட், மைக்ரோசொப்ட் வேர்க்ஸ் பைல்களையும் திறக்கும். பேஜ்மேக்கர் பைலைக்கூட அதன் ட்ரோ பகுதி ஓரளவுக்குத் திறந்துவிடும்; பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், ஆனால் எழுத்து மிஞ்சும்.

பழைய ஒபிஸ் உண்மையிலேயே தேவைப்படுவது சில வேலைகளுக்குத்தான். மக்ரோவும் (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) படிவமும் வைத்து எழுதிய எக்செல் கணக்குகள் ஒன்று. அக்செஸ் பைல்கள் இன்னொன்று. குறிப்பாக அக்செஸ் 97 பைலை அக்செஸ் 2013உம் அதற்குப் பின் வந்தவையும் திறக்கவே திறக்கா. 2003, 2007, 2010 இவற்றில் ஒன்றில் திறந்து மாற்றிக்கொண்டால்தான் உண்டு. கணித ஆசிரியர்களின் வினாத்தாள்கள் மூன்றாவது. அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன். நாலாவது, பழக்கம். இருபது வருடமாக வேர்ட் 2003இன் மெனுவில் கைபழகிய ஒருவருக்குப் புது வேர்ட்டைக் கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும். இதையும் நியாயமான காரணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் தலைமுறை மென்பொருள் என்று பாருங்கள்

விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். 32 பிட் பதிப்பு அதற்கு இல்லை. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஓட்டும், 16 பிட் மென்பொருளை ஓட்டாது. முழுக் கதையும் இவ்வளவுதான்.

டொஸ் காலத்து வேர்ட்ஸ்டார், பொக்ஸ்புரோ, விண்டோஸ் 3.1 காலத்து வேர்ட் 6 எல்லாம் 16 பிட். எந்த செற்றிங்கை மாற்றினாலும் இவை விண்டோஸ் 11இல் நேரடியாக ஓடா. டொஸ் மென்பொருளுக்கு டொஸ்பொக்ஸ் அல்லது டொஸ்பொக்ஸ்-எக்ஸ் இருக்கிறது. அச்செடுக்கவும் வேண்டுமென்றால் இரண்டாவதை எடுங்கள். மற்றவற்றுக்குக் கீழே சொல்லும் மெய்நிகர் மெசின், அதாவது மெசினுக்குள் ஓடும் இன்னொரு மெசின்தான் வழி.

ஒபிஸ் 2000இலிருந்து மேலே எதுவும் 16 பிட் இல்லை, கவலையில்லை. 2000இல் அஞ்சல் மென்பொருளான அவுட்லுக் தகராறு பண்ணும்; வேர்ட், எக்செல் பெரும்பாலும் ஓடும். கையில் பல பதிப்புகள் இருந்தால் என் தெரிவு 2010. 2003இன் மெனுதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு 2003. இடையில் வந்த 2007ஐ, வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

சீடியை மெசினுக்குள் கொண்டுவருதல்

புது மடிக்கணினிகளில் சீடி டிரைவ் இல்லை. டிரைவ் உள்ள மெசின் ஒன்றில் சீடியைப் போட்டு, உள்ளே உள்ள எல்லா பைல்களையும் போல்டர்களையும் அப்படியே ஒரு பென்டிரைவுக்குக் கொப்பி எடுங்கள். செற்றப் பைலை மட்டும் எடுத்தால் சரிவராது. பிறகு அந்தப் போல்டரைப் புது மெசினின் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக நிறுவ வேண்டாம். பழைய ஒபிஸ் பின்னொரு நாள் திடீரென்று "சீடியைப் போடு" என்று கேட்கும். அப்போது நிறுவிய அதே இடத்தைத்தான் தேடும்.

தயாரிப்புச் சாவி சீடிப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை, பத்து மென்பொருளை ஒன்றாக எழுதித் தந்த சீடிதான் இருக்கிறது என்றால், அதைத் தொடாமல் விடுவது நல்லது. சாவி உருவாக்கித் தருகிறேன் என்று அதோடு வருகிற சின்னச் சின்ன பைல்களில் வைரஸ் இருப்பது சாதாரணம்.

நிறுவுதல்

முதலில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். விலை குறைந்த சில மடிக்கணினிகள் எஸ் மோட் என்ற பூட்டோடு வரும். அதில் மைக்ரோசொப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே போடலாம். செற்றிங்ஸில் சிஸ்டம், அக்டிவேஷன் என்று போனால் அதிலிருந்து வெளியே வரும் வழி இருக்கும். காசு கேட்காது, ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. இரண்டாவது, மெசினோடு வந்த மைக்ரோசொப்ட் 365 சோதனைப் பதிப்பு. அதற்குக் காசு கட்டப்போவதில்லை என்றால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்த பைலை எது திறப்பது என்று சண்டை பிடிக்கும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் பழையதை முதலிலும் புதியதைப் பிறகும் நிறுவ வேண்டும். அவுட்லுக் மட்டும் ஒன்றுதான் இருக்கலாம்.

இனி செற்றப் பைலில் றைட் கிளிக் செய்து, நிர்வாகியாக ஓட்டு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு எந்த வகை நிறுவல் என்று கேட்கும். இங்கே பலர் முதலில் தெரிகிற பொத்தானை அமத்திவிட்டுப் போவார்கள். அதைச் செய்யாமல் கஸ்டம் என்பதை எடுங்கள். வருகிற மரப்பட்டியலின் உச்சியில் உள்ள மைக்ரோசொப்ட் ஒபிஸ் என்ற வரியைக் கிளிக் செய்தால் ஒரு சின்ன மெனு விரியும். அதில் "எல்லாவற்றையும் என் கணினியிலிருந்து ஓட்டு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் சமன்பாடு எழுதும் கருவி உட்பட எல்லாமே ஒரே தடவையில் நிறுவப்படும். வழமையான நிறுவலில் சில பகுதிகள் "முதல் தடவை பாவிக்கும்போது நிறுவுவேன்" என்று பின்போடப்பட்டிருக்கும். அவைதான் பிறகு சீடி கேட்பவை. பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று அந்தச் சிக்கனத்துக்கு அர்த்தமில்லை.

முடிந்ததும் சர்விஸ் பாக் (திருத்தங்களின் தொகுப்பு) போடுங்கள். 2003க்கும் 2007க்கும் கடைசியாக வந்தது சர்விஸ் பாக் 3, 2010க்கு 2. டிரைவின் வேரில் எம்எஸ்ஓகாஷ் என்ற மறைந்த போல்டர் ஒன்று உருவாகியிருக்கும். இடத்தைப் பிடிக்கிறது என்று அதை அழித்துவிடாதீர்கள். ஒபிஸ் தன்னைத் தானே திருத்திக்கொள்ள அது வேண்டும்.

2003ஐத் திறக்கும்போதெல்லாம் உரிம ஒப்பந்தத்தைக் காட்டி, ஏற்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தால், வேர்ட்டை ஒரேயொரு முறை நிர்வாகியாகத் திறந்து ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன "ஓம்" என்பதை எழுதிவைக்கச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லாததால் வருகிற கோளாறு அது. பிறகு ஒருபோதும் வேர்ட்டை நிர்வாகியாகத் திறக்க வேண்டாம்.

அக்டிவேஷன்

கடையில் பெட்டியாக வாங்கிய 2003 ஐம்பது தடவை திறக்கும்வரை பொறுத்திருக்கும், 2007 இருபத்தைந்து தடவை. அதற்குள் செயற்படுத்தாவிட்டால் பைலைத் திறந்து பார்க்கலாம், மாற்றிச் சேமிக்க முடியாது. இணையம் வழியாக முடியாவிட்டால் அதே பெட்டியில் தொலைபேசி வழியும் காட்டும்; திரையில் வருகிற நீண்ட இலக்கத்தைக் கொடுத்துப் பதில் இலக்கம் வாங்க வேண்டும். பாடசாலை, திணைக்களம் போன்ற இடங்களுக்கு மொத்த உரிமத்தில் வந்த 2003, 2007 சீடிகளுக்கு அக்டிவேஷனே கிடையாது. 2010இலிருந்துதான் மொத்த உரிமத்துக்கும் அது வந்தது. ஆகவே உங்கள் சீடி எந்த வகை என்று முதலே பார்த்துவிடுங்கள்.

கம்பற்றிபிலிற்றி பக்கத்தை எப்போது தொடுவது

பழைய மென்பொருள் என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது "விண்டோஸ் எக்ஸ்பி போல் ஓட்டு" என்ற தெரிவுக்கு. ஒபிஸுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் ஒன்றும் போடாமல் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்திலேயே மூடிக்கொண்டால் மட்டும் அங்கே போங்கள்.

போகிறவர்களுக்கு ஒரு தடங்கல் வரும். மெனுவில் உள்ள வேர்ட் குறுக்குவழியில் றைட் கிளிக் செய்து புரொப்பற்றீஸ் பார்த்தால் கம்பற்றிபிலிற்றி பக்கமே இருக்காது. ஒபிஸ் போடுகிற குறுக்குவழி உண்மையான பைலைக் காட்டுவதில்லை. நிறுவிக்குப் போகிற ஒரு சுட்டி மட்டும்தான் அது. உண்மையான பைலைத் தேடிப் போக வேண்டும். சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் என்ற பெயரில் இரண்டு போல்டர் இருக்கும். எக்ஸ்86 என்று அடைப்புக்குள் போட்டிருப்பதற்குள் போய், மைக்ரோசொப்ட் ஒபிஸ் போல்டரைத் திறந்தால், உள்ளே ஒபிஸ்11 என்று இருந்தால் அது 2003. 12 என்றால் 2007. 14 என்றால் 2010. பதின்மூன்றை மைக்ரோசொப்ட் தாண்டிவிட்டது. ராசியில்லாத எண் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்தப் போல்டருக்குள் இருக்கும் வின்வேர்ட் பைலின் புரொப்பற்றீஸில்தான் நீங்கள் தேடும் பக்கம் இருக்கிறது.

அதே பக்கத்தில் இன்னொரு பொத்தான் உண்மையிலேயே பயன்படும். புதுத் திரைகளில் வேர்ட் 2003இன் ரூல்பார் (கருவிப்பட்டை) கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகவோ, எழுத்து மங்கலாகவோ தெரிந்தால், உயர் டிபிஐ செற்றிங்கை மாற்று என்பதை அமத்தி, கீழே உள்ள பெட்டியில் சரியிட்டு, சிஸ்டம் என்ஹான்ஸ்ட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது சரிவராவிட்டால் வெறும் சிஸ்டம்.

எழுத்துரு: கூடுதலாகப் பிழைக்கிற இடம்

பாமினியில் அடித்த பைலை அந்த எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால், "தமிழ்" என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பைல் பழுதாகவில்லை. உள்ளே எப்போதும் இருந்தது அந்த ஆங்கில எழுத்துகள்தான். ஜேக்கு "த" என்ற படத்தையும், கேக்கு "ம" என்ற படத்தையும் காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பி வந்துவிடும்.

போடுகிற விதத்தில்தான் புது விண்டோஸ் ஆளை ஏமாற்றும். எழுத்துருப் பைலை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால், விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து அது அந்தப் பயனரின் சொந்தப் போல்டருக்குள் மட்டும் போகிறது. பழைய மென்பொருள் பல அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. நோட்பேட்டில் பாமினி தெரியும், பேஜ்மேக்கரில் தெரியாது. நீங்கள் மூன்று முறை திரும்பத் திரும்ப நிறுவிப் பார்ப்பீர்கள். வழி இதுதான்: எழுத்துருப் பைலில் றைட் கிளிக் செய்து "எல்லாப் பயனருக்கும் நிறுவு" என்பதைக் கொடுங்கள். பழைய மெசினைக் கொடுக்குமுன் அதன் எழுத்துருப் போல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவில் கொப்பி எடுத்து வையுங்கள். பாமினி என்ற ஒரே பெயரில் சிறு வித்தியாசங்களோடு பல பைல்கள் உலாவுகின்றன. உங்கள் பழைய மெசினில் இருந்ததைப் போட்டால்தான் வரி முறியாமல் அதே பக்க அமைப்பு வரும்.

யூனிகோட்டில் (தமிழுக்கெனத் தனிக் குறியீடு உள்ள உலகப் பொது முறை) அடித்த பழைய பைல்களுக்கு வேறொரு சிக்கல். எக்ஸ்பி காலத்துத் தமிழ் பைல்களில் பெரும்பாலும் லதா எழுத்துரு இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. இருப்பது நிர்மலா மட்டும். வரியின் நீளம் மாறி, பத்துப் பக்கப் பைல் பதினொன்றாகிவிடும். செற்றிங்ஸில் விருப்பத் தெரிவு அம்சங்கள் என்ற பகுதியில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று தேடி நிறுவினால் இரண்டும் வந்துவிடும். இதற்கு இணையம் வேண்டும்.

பாமினியில் தொடர்ந்து அடிக்கிறவர்கள் புது நிறுவலில் உடனடியாகச் செய்ய வேண்டியது ஓட்டோகரெக்ட்டை நிறுத்துவது. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் வேர்ட்டுக்கு உண்டு. பாமினியில் சின்ன ஜே "த", பெரிய ஜே "து". நீங்கள் "தமிழ்" என்று தொடங்கினால் வேர்ட் அதைத் "துமிழ்" ஆக்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். கல்வெட்டில் இறந்தவரின் பெயர் இப்படிப் பிழைத்து அச்சாகினால் வீட்டுக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். ரூல்ஸ் (கருவிகள்) மெனுவில் ஓட்டோகரெக்ட் தெரிவுகளுக்குப் போய் முதல் பக்கத்தில் உள்ள சரிக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புதிய பதிப்புகளில் அது பைல், ஒப்ஷன்ஸ், புரூபிங் வழியாக இருக்கும்.

எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிடலாமா? அச்சாகி முடிந்த பழைய கல்வெட்டுகளை மாற்றுவது வீண் வேலை. பிடிஎப் ஆக்கி வைத்தால் போதும். விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்ட் பிரிண்ட் டு பிடிஎப் என்ற பிரின்டர் 2003இலிருந்தும் வேலை செய்யும். ஆனால் தேட வேண்டியவை, அகரவரிசைப்படுத்த வேண்டியவை, வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கு அனுப்ப வேண்டியவை கட்டாயம் மாற்றப்பட வேண்டும். பாமினியில் உள்ள பெயர்ப்பட்டியலை எக்செல் ஆங்கில எழுத்து வரிசையில்தான் அடுக்கும், அது தமிழ் வரிசையே அல்ல.

மாற்றுவதற்கு என்எச்எம் கொன்வேட்டர், பொங்குதமிழ் போன்றவை இலவசமாக இருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்த பைலை முழுதாகப் போட்டால் ஆங்கிலச் சொற்களும் கண்டபடி தமிழ் எழுத்துகளாகிவிடும். அதற்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பைலின் பிரதி ஒன்றைத் திறந்து, தேடி மாற்றும் பெட்டியில் எழுத்து ஒன்றும் அடிக்காமல், தேடும் எழுத்துரு பாமினி என்றும் மாற்றும் நிறம் சிவப்பு என்றும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். இப்போது மாற்ற வேண்டியது சிவப்பாகவும் தொடக்கூடாதது கறுப்பாகவும் தெரியும். சிவப்பை மட்டும் பந்தி பந்தியாக எடுத்து மாற்றுங்கள். கைப்பழக்கத்தை மாற்ற விரும்பாதவர்களுக்கு, பாமினி விசைமுறையிலேயே யூனிகோட் அடிக்க என்எச்எம் றைட்டர் இருக்கிறது.

கணித வினாத்தாள்கள்

பழைய வேர்ட்டில் சமன்பாடு எழுதப் பாவித்த ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 ஒரு தனிக் கதை. அதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை 2017இல் வெளியே வந்தது. ஒரு பைலைத் திறந்தாலே போதும், மெசின் இன்னொருவர் கைக்குப் போய்விடலாம். மைக்ரோசொப்ட் அந்த நவம்பரில் ஒட்டுப் போட்டது, 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே ஒபிஸிலிருந்து எடுத்துவிட்டது. இதனால் இன்று புது வேர்ட்டில் பழைய வினாத்தாளைத் திறந்தால் சமன்பாடு படமாகத் தெரியும், ஆனால் பழைய கருவியில் திருத்த முடியாது. ஒரு உயர்தர வினாத்தாளில் எக்ஸின் வர்க்கத்தை கனமாக்க வேண்டுமென்றால்கூட முழுச் சமன்பாட்டையும் திரும்ப எழுத வேண்டும். மைக்ரோசொப்ட் 365இல் சமன்பாட்டை இரட்டைக் கிளிக் செய்தால் புது வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். பெரும்பாலானவை சரியாக மாறும், நீளமான தாயங்களில் கண் வையுங்கள்.

365 இல்லாதவர்கள் 2003ஐ இதற்காகவே வைத்திருக்கலாம். ஆனால் ஓட்டையும் அதோடுதான் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. நீங்களே உருவாக்கிய வினாத்தாள்களை மட்டும் அதில் திறவுங்கள்.

அக்செஸும் கணக்கு மென்பொருளும்

2003க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் உரிய அக்செஸ் பைல்களை ஓட்டும் ஜெட் என்ற இயந்திரமும், விஷுவல் பேசிக் 6இல் எழுதிய மென்பொருளுக்கு வேண்டிய அடிப்படைப் பைலும் விண்டோஸ் 11இல் இன்றும் இருக்கின்றன. ஆகவே உள்ளூரில் எழுதுவித்த பழைய பில் மென்பொருள்கள் பல அப்படியே ஓடும். டொட் நெட் 3.5 என்ற மைக்ரோசொப்ட் துணைத்தொகுதியைக் கேட்டால், விண்டோஸ் அம்சங்களை இயக்கு என்ற பெட்டியில் சரியிட்டால் வந்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இந்த மென்பொருள்கள் தரவுப் பைலைத் தாங்கள் நிறுவப்பட்ட போல்டருக்குள்ளேயே எழுதும். புரோகிராம் பைல்ஸுக்குள் எழுத இன்றைய விண்டோஸ் விடாது. அது பிழை என்றும் சொல்லாது. சத்தம் போடாமல் வேர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைந்த போல்டர் ஒன்றில், அந்தப் பயனரின் பெயரில், ஒரு பிரதியை எழுதிவிடும். காசாளர் ஒரு பயனர் பெயரில் ஒரு மாதம் பில் போடுவார். முகாமையாளர் தன் பெயரில் உள்ளே வந்து திறந்தால் ஒரு பில்லும் இருக்காது. காசாளரே ஒருநாள் நிர்வாகியாக ஓட்டினாலும் அதே வெறுமைதான். கணக்கு அழிந்துவிட்டது என்று இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். பக்கப்பிரதி எடுப்பவர் புரோகிராம் பைல்ஸை மட்டும் கொப்பி எடுத்திருந்தால் அந்த மாதம் உண்மையிலேயே போய்விடும்.

இதைத் தவிர்க்க, இப்படியான மென்பொருளைப் புரோகிராம் பைல்ஸுக்குள் நிறுவாமல், சி அல்லது டி டிரைவில் சொந்தமாக ஒரு போல்டர் போட்டு அதற்குள் நிறுவுங்கள். அந்தப் போல்டருக்கு எல்லாப் பயனருக்கும் எழுதும் அனுமதி கொடுங்கள். ஏற்கெனவே பிழைத்துவிட்டது என்றால், பயனரின் அப்டேட்டா, லோக்கல் போல்டருக்குள் போய் வேர்ச்சுவல் ஸ்டோரைத் தேடுங்கள். தரவு அங்கே பத்திரமாக இருக்கும்.

திகதி வடிவத்தையும் பாருங்கள். புது மெசின் பெரும்பாலும் அமெரிக்க முறையில், மாதத்தை முன்னே போட்டு வரும். பழைய மென்பொருள் விண்டோஸின் வடிவத்தைத்தான் நம்பும். 05/04 என்று அடித்தது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்பது வட்டிக் கணக்கில் விளையாட்டு இல்லை. நிறுவுவதற்கு முன்பே பிராந்திய செற்றிங்கில் நாள் முன்னே வருமாறு மாற்றுங்கள்.

பேஜ்மேக்கர் 7 பாவிப்பவர்களுக்கு ஒரு வரி: இயல்புப் பிரின்டர் ஒன்று குறிக்கப்படாவிட்டால் அது தகராறு பண்ணும். விண்டோஸ் தானாக இயல்புப் பிரின்டரை மாற்றுவதை நிறுத்திவிட்டு ஒன்றை நிரந்தரமாகக் குறியுங்கள். இன்டிசைனுக்கு மாற யோசிப்பவர்கள், பேஜ்மேக்கர் பைலைத் திறக்கிற கடைசி இன்டிசைன் சிஎஸ்6 என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

எதுவும் சரிவராவிட்டால்: மெசினுக்குள் மெசின்

16 பிட் மென்பொருள், பிடிவாதம் பிடிக்கிற பில் மென்பொருள் இவற்றுக்கு வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு அதற்குள் பழைய விண்டோஸை ஓட்டலாம். அது இலவசம். முதலில் டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிபியூவின் கீழ் வேர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயோஸுக்குள் (மெசின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செற்றிங்) போய் இயக்க வேண்டும்.

உள்ளே போடுவதற்கு எக்ஸ்பி அல்லது 32 பிட் விண்டோஸ் 7. எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி நினைவகமும் இருபது ஜிபி டிஸ்க்கும் தாராளம். இதற்கும் உரிமமும் அக்டிவேஷனும் உண்டு, பழைய மெசினோடு வந்த உரிமம் அந்த மெசினுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். நிறுவியதும் கெஸ்ட் அடிஷன்ஸ் போடுங்கள். அப்போதுதான் வெளி மெசினோடு ஒரு போல்டரைப் பகிர முடியும். உள் மெசினின் நெற்வேர்க்கை முழுதாக நிறுத்திவிடுங்கள். எக்ஸ்பியை இணையத்தில் விடக்கூடாது. எல்லாம் சரியாக ஓடுகிற நாளில் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு எது பிழைத்தாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம்.

பழைய மெசின் இன்னும் உயிரோடு இருந்து, அதில் விண்டோஸ் 7 அல்லது 10 ஓடுகிறது என்றால் இதைவிடச் சுகமான வழி ஒன்று இருக்கிறது. மைக்ரோசொப்ட்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுதியில் உள்ள டிஸ்க்2விஎச்டி என்ற சின்னக் கருவி, அந்த ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே பைலாக்கித் தரும். அதை வேர்ச்சுவல்பொக்ஸில் போட்டால் பழைய மெசின் அப்படியே, டெஸ்க்டொப் படத்தோடு எழும்பும். வன்பொருள் மாறியதால் அக்டிவேஷன் திரும்பக் கேட்கலாம்.

வெளியிலிருந்து வரும் பைல்கள்

வெளியிலிருந்து வந்த பைலைத் திருத்த விடாமல் பாதுகாப்பாகத் திறந்து காட்டும் புரொடெக்டட் வியூ 2003க்கும் 2007க்கும் கிடையாது. அது 2010இல்தான் வந்தது. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கிட்ட உள்ள ரைப்பிங் கடை போல, நாளுக்கு நாள் ஊரார் பென்டிரைவ் செருகும் மெசினில் பழைய ஒபிஸை முதன்மையாக வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. அங்கே லிப்ரே ஒபிஸை இயல்பு மென்பொருளாக வையுங்கள். இரட்டைக் கிளிக் செய்தால் எல்லாம் அதில் திறக்கட்டும். பழைய வேர்ட்டை அதன் குறுக்குவழியால் திறந்து, உங்கள் சொந்த பைலை உள்ளிருந்து எடுங்கள். 2003இல் ரூல்ஸ், மக்ரோ, செக்கியூரிட்டி என்று போய் நிலையை ஹை ஆக்குங்கள். உங்கள் சொந்த மக்ரோ கணக்கு ஓட வேண்டும் என்பவர்கள் மீடியத்தில் வைத்து, கேட்கிற ஒவ்வொரு முறையும் பைலின் பெயரை வாசித்துவிட்டுச் சம்மதியுங்கள்.

பழைய அவுட்லுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடவுச்சொல்லை மட்டும் வைத்து உள்ளே விடுவதை ஜிமெயில் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. பழைய கடிதங்கள் பிஎஸ்டி பைலில் இருந்தால் அவற்றை வாசிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அஞ்சலை பிரவுசரிலோ தண்டர்பேர்டிலோ பாருங்கள்.